குட்டி சொன்ன கடைசிப் பத்து

"கடைசி பத்து!"ன்னு நான் கத்தினப்போ போட்டி முடியற கோட்டுக்கு இன்னும் முந்நூறு மீட்டர் இருந்துச்சு, எனக்கு அது தெரியாது, தண்ணியில செவப்பா மிதந்த நாலு உருண்டைய பாத்து அதுதான் கோடுன்னு நெனச்சுட்டேன், அது யாரோ எடுக்காம விட்ட நண்டு வலையோட மிதவைன்னு எனக்குப் புரியறதுக்குள்ள எங்க படகுல இருந்த நாலு பொம்பளைங்களும் உடம்புல மிச்சம் வெச்சிருந்த எல்லாத்தையும் எடுத்து அந்தப் பத்து இழுப்புல போட்டு முடிச்சுட்டாங்க.

படகுப் போட்டியில காக்ஸ்னா யாருன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். துடுப்பு போடுறவங்க எல்லாரும் போற திசைக்கு முதுக காட்டிட்டு உக்காந்திருப்பாங்க, முன்னாடி என்ன வருதுன்னு அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க மூஞ்சியப் பாத்தபடி படகோட வால்ல குந்தியிருக்கற ஒருத்திக்கு மட்டும்தான் போற வழி தெரியும், அவ கையில துடுப்பு கிடையாது, சுக்கான் கயிறு ரெண்டு இருக்கும், தொறந்த வாய் ஒண்ணு இருக்கும், அவ்ளோதான், அவதான் காக்ஸ், அதுதான் நான். சேத்துவாக்கம் எறா கம்பெனியில எறா உரிக்கிற ஹால்லயே நான்தான் குள்ளம், நாப்பத்தி மூணு கிலோ, காக்ஸுக்கு அம்பத்தஞ்சு கிலோ இருக்கணும்னு ரூல் இருக்கறதால என் காலடியில பன்னெண்டு கிலோ மணல் மூட்டை ஒண்ண வெச்சுதான் படகையே எறக்குவாங்க, அதனால ஊருக்கே நான் குட்டி, சுகிர்தாங்கற பேரு கம்பெனி கார்டுல மட்டும்தான் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும், எல்லா காக்ஸும் பொய் சொல்லுவா! முப்பது இழுப்பு பாக்கி இருக்கறப்போ பத்துன்னு சொல்லுவா, பத்து முடிஞ்சதும் இன்னொரு பத்துன்னு சொல்லுவா, ஏன்னா முப்பதுன்னு கேட்டா உடம்பு படுத்துக்கும், பத்துன்னு கேட்டா எந்திரிக்கும். காலையில பிராக்டீஸ் முடிஞ்சு துடுப்ப தூக்கினதும் மொனையில உக்காந்திருக்கற பூமாக்கா, நாப்பத்தோரு வயசு, எங்கள்லயே பெரியவங்க, உப்பங்கழித் தண்ணிய அள்ளி என் மேல அடிச்சு, "பொய்க்காரி, உன் பத்துல எங்க ஊர் பத்து நாலு அடங்கும்டி"ன்னு சொல்லுவாங்க, எல்லாரும் சிரிப்போம். ஆனா அன்னிக்கு நான் சொன்னது பொய் இல்ல. தப்பு. பொய்ய உடம்பு தாங்கிக்குது, தப்பத் தாங்கிக்கல.

பத்து முடிஞ்சப்போ கோடு இன்னும் இருநூறு மீட்டர் தள்ளி இருந்துச்சு. எனக்கு நேர் எதுர்ல உக்காந்து தாளம் குடுக்கற தேவக்கா மூஞ்சி சாம்பல் பூத்துடுச்சு, அவங்களுக்குப் பின்னாடி நதியாக்கா கண்ண மூடிட்டாங்க, அதுக்கும் பின்னாடி ஜெசிந்தா வாயோரம் எச்சில் வழியுது. நான் "இன்னும் பத்து!"ன்னு சொன்னேன். அப்புறம் "இன்னும் பத்து"ன்னு சொன்னேன். மூணு படகு எங்களத் தாண்டிப் போச்சு, நாங்க கடைசியா கோட்டத் தாண்டினோம், நான் "ஈஸி!"ன்னு கத்தினேன். ஈஸின்னா நிறுத்திட்டு துடுப்ப தண்ணிக்கு மேல தூக்கிக்கோன்னு அர்த்தம், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாலு பேரும் ரெண்டாயிரம் மீட்டர் உயிர வுடுவாங்க.

யாரும் நிறுத்தல.

"ஈஸிக்கா, ஈஸி!"

"கேக்குதுடி"ன்னாங்க தேவக்கா, இழுத்துக்கிட்டே. "கை நிக்க மாட்டேங்குது."

"எல்லாருக்குமா?"

"எனக்கும்தான்"னு பின்னாடி இருந்து ஜெசிந்தா. "காலும்."

"சரி, பாலம் வந்துருக்குமே, அதத் தாண்டினதும் ஒழுங்கா திருப்பு"ன்னாங்க பூமாக்கா. நான் எடது கயிற இழுத்தேன், படகு திரும்பி வந்த வழியே போச்சு, அந்தப் பக்கம் முகத்துவாரத்து மணல் திட்டு வந்ததும் வலது கயிற இழுத்தேன், மறுபடியும் பாலத்தப் பாத்துப் போச்சு, அப்படியே போயிட்டு வந்துட்டு போயிட்டு வந்துட்டு இருக்கும்போதே கரையில பரிசு குடுத்து முடிச்சு பந்தலப் பிரிச்சு சேரெல்லாம் வண்டியில ஏத்திட்டாங்க. கம்பெனி வேன் டிரைவர் மட்டும் கொஞ்ச நேரம் ஹாரன் அடிச்சுப் பாத்தாரு, அப்புறம் "வரும்போது நடந்து வாங்க!"ன்னு கத்திட்டு போயிட்டாரு.

மறுநாள் காலையில நண்டு வலைக்காரங்க வந்து பாத்தப்போ நாங்க இன்னும் போயிட்டு வந்துட்டு இருந்தோம். சேத்துவாக்கத்துல யாரும் அதிசயப்படல, அதிசயப்பட யாருக்கு நேரம் இருக்கு, வலை எடுக்கணும், எறா வந்து எறங்கிடும், ஐஸ் உருகிடும், அதனால மொதல்ல இத எப்படி நிறுத்தறதுன்னு மட்டும் பாத்தாங்க. பத்து ஆம்பளைங்க வடம் போட்டு இழுத்தாங்க, பத்து ஆம்பளைங்களும் கழியில விழுந்தாங்க. ஜெசிந்தாவோட அண்ணன் ரெண்டு பேரு பக்கத்துல வள்ளத்த வுட்டு அவளை மட்டும் அலாக்கா தூக்கிட்டுப் போயி கரையில உக்கார வெச்சாங்க, அவ சேத்துல உக்காந்து கை ரெண்டையும் நீட்டி இழுக்கறா, முட்டிய மடக்கறா, நீட்டறா, சேறு வழுக்கி முன்னாடியும் பின்னாடியும் போயிட்டு வரா, கொஞ்ச நேரத்துல அவளே அழுதுட்டா. "என்னைத் திரும்பப் படகுலயே போடுங்கண்ணா, வெறும் காத்த இழுக்கறது தண்ணிய இழுக்கறதவிட வலிக்குது"ன்னா. படகு திரும்பி வர வரைக்கும் காத்திருந்து போட்டாங்க.

அதுக்கப்புறம் நிறுத்தறதப் பத்தி யாரும் பேசல, சாப்பாட்டப் பத்திதான் பேசினாங்க. நாலு பேருக்கும் கை ஒழியாதே, எப்படி சாப்பிடுவாங்க? எனக்குக் கை எட்டறது தேவக்காவுக்கு மட்டும்தான். கழிக்குக் குறுக்கால இருக்கற அந்தப் பாலம் பழைய நடைபாலம், படகு அதுக்கடியில போறப்போ எல்லாரும் தலைய குனியணும், அவ்ளோ தாழ்வு. எறா உரிக்கிற பொம்பளைங்க நாலு பேரு அந்தப் பாலத்துல குப்புறப் படுத்துக்கிட்டு, கையில சோத்து உருண்டைய வெச்சுக்கிட்டு, படகு உள்ள நுழையற நேரம் பாத்து டக்குன்னு ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினாங்க. ஒரு தடவைக்கு ஒரு வாய். முக்கா மணிக்கு ஒரு தடவ. மொத நாள் பாதி மீனுக்குப் போச்சு, நாலாம் நாள் கருவாட்டுக் கொழம்பு ஊத்திப் பெசஞ்சு மூக்குல படாம ஊட்டற அளவுக்குத் தேறிட்டாங்க. ஷிஃப்ட் போட்டு ஊட்டினாங்க. கம்பெனியில மொதல்ல அவங்க நாலு பேருக்கும் எனக்கும் ஆப்சென்ட் போட்டாங்க, அப்புறம் மேனேஜர் வந்து பாத்துட்டு, கம்பெனி பேரு போட்ட டீ சர்ட்டுதானே போட்டிருக்காங்கன்னு யோசிச்சு, வெளி வேலைன்னு எழுதிக்கச் சொல்லிட்டாரு.

நதியாக்காவுக்கு ஊட்ட வந்தது அவங்க மாமியார் அஞ்சலை. அவங்களுக்கும் நதியாக்காவுக்கும் மூணு வருஷமா பேச்சு கிடையாது, காதல் கல்யாணம், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அடுப்பு, இந்தப் பக்கம் ஒரு அடுப்பு. அஞ்சலை படுத்துக்கிட்டு, மூஞ்சியத் திருப்பி வெச்சுக்கிட்டு, கைய மட்டும் கீழ நீட்டுவாங்க.

"உப்பு கம்மி"ன்னாங்க நதியாக்கா அஞ்சாம் நாள், முழுங்கிக்கிட்டே.

"படகோட்டிக்கு வாய் மட்டும் கொறையல"ன்னு மேல இருந்து சத்தம். ஆனா அடுத்த தடவ உப்பு சரியா இருந்துச்சு.

மத்ததெல்லாம் எப்படின்னு கேக்காதீங்க, கண்டல் காட்டுக்கு அந்தாண்ட ஒரு வளைவு இருக்கு, அங்க ஆம்பளைங்க யாரும் வலை போடக்கூடாதுன்னு ஊர்ல உக்காந்து முடிவு பண்ணிட்டாங்க, அது போதும். தூக்கமா, அவங்க நாலு பேரும் இழுத்துக்கிட்டே தூங்கினாங்க, தலை தொங்கும், கை அது பாட்டுக்கு போகும். நான்தான் தூங்க முடியாது, நான் தூங்கினா படகு பாலத்துக் கால்ல மோதும். சுக்கான் கயிற கால் கட்டவிரல்ல கட்டிட்டு கண்ண சொருகுவேன், நண்டு வலைக்காரங்க மொறை வெச்சு பக்கத்துலயே வந்து, "குட்டி, வலது! குட்டி, எந்திரிடி!"ன்னு கத்துவாங்க.

ரெண்டு வாரத்துல பாலத்துல மஞ்சத் துணி கட்ட ஆரம்பிச்சாங்க, கொழந்த இல்லாதவங்க, விசா வராதவங்க, மகன் குடிய வுடாதவங்க. இது ஒரு மண்டலத்துல நிக்கும்னு ஊரே நம்புச்சு, மண்டலம்னா நாப்பத்தோரு நாள்னு மலைக்கு மாலை போடுறவங்களும், நாப்பத்தெட்டுன்னு அம்மன் கோயில் பூசாரியும் பாலத்துலயே நின்னு சண்ட போட்டாங்க, பூமாக்கா கீழ இருந்து, "நிக்க வேண்டியது நாங்கதானேய்யா, எங்களக் கேட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க. பதில் சொல்ல அடுத்த முக்கா மணி நேரம் ஆகும், அதுக்குள்ள சண்ட போட்டவங்க கலைஞ்சு போயிட்டாங்க.

அப்புறம்தான் எங்க படகுக்குப் பின்னாடி ஒவ்வொண்ணா கட்ட ஆரம்பிச்சாங்க. மொதல்ல ஒரு கட்டுமரம், மோட்டார் ரிப்பேர், "சும்மாதானே போறீங்க, அந்தத் திட்டு வரைக்கும்"னு ஒரு கிழவர் எங்க படகு வால்ல கயிற மாட்டினாரு. சரின்னேன், பாவமா இருந்துச்சு. மறுநாள் ரெண்டு கட்டுமரம். அப்புறம் ஐஸ் பெட்டி ஏத்தின மிதவை. அப்புறம் கம்பெனி எறாத் தீவனத்த அக்கரைக் குட்டைக்கு அனுப்ப லாரிய நிறுத்திட்டு எங்க பின்னாடி மாட்டினாங்க, அப்புறம் ஸ்கூல் பிள்ளைங்க, ஆடு, படுக்க வெச்ச ஒரு பீரோ, கல்யாணப் பொண்ணு ஒருத்தி தட்டு வரிசையோட. முப்பதாம் நாள்ல எங்களுக்குப் பின்னாடி பன்னெண்டு மிதவை இருந்துச்சு. திரும்பறதுக்கே அரை மணி ஆச்சு. இழுக்கறவங்க முதுகுக்குப் பின்னாடி வழிதான் இருக்கு, கண்ணுக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் நானும், எனக்குப் பின்னாடி நீண்டுக்கிட்டே போற அந்த வரிசையும்தான், மத்ததெல்லாம் அது மறைச்சுடும். நாலு பேரும் நாள் பூரா அத பாத்துக்கிட்டே இழுத்தாங்க, எதுவும் சொல்லல, சொல்றதுக்கும் மூச்சு வேணுமே.

ஒண்ணு மட்டும் கேப்பாங்க. "குட்டி, இன்னும் எவ்ளோ?"

நான் "பத்து"ன்னு சொல்லுவேன். சத்தியமா சொல்றேன், நான் ஏமாத்தணும்னு சொல்லல, அந்த வார்த்தைய கேட்டதும் தேவக்கா தோள் கொஞ்சம் நிமுரும், நதியாக்கா மூஞ்சியில ரத்தம் வரும், ஒரு பத்து இழுப்புக்கு படகு பழைய மாதிரி ஜிவ்வுனு போகும், அத பாக்கறதுக்காகவே சொன்னேன். பத்து முடியும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், "எவ்ளோடி?" "பத்துக்கா." ஒரு நாளைக்கு நூறு தடவ. என் தொண்டை உள்ள பத்து பத்து பத்துன்னு தழும்பு ஏறிடுச்சு.

ஆனா நதியாக்கா கேக்கறது வேற மாதிரி இருந்துச்சு. அவங்க பொண்ணு இன்பாவுக்கு போட்டி அன்னிக்கு பதினோரு மாசம். மொத வாரம் டீ சர்ட்டெல்லாம் பால் கசிஞ்சு நனைஞ்சுச்சு. ரெண்டாவது வாரம் ஜுரம் வந்துச்சு. மூணாவது வாரம் காஞ்சிருச்சு, "போச்சு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க, அவ்ளோதான். அஞ்சலை பாலத்துல இன்பாவ தூக்கிட்டு வந்து காட்டுவாங்க, மொதல்ல கை நீட்டி குதிப்பா, எட்டிப் பிடிக்கப் பாப்பா, அப்புறம் சும்மா பாப்பா, அப்புறம் பின்னாடி வர ஆட்டப் பாப்பா. நடக்க ஆரம்பிச்சுட்டான்னு பாலத்துல இருந்து சேதி வந்துச்சு. "எத்தன அடி?"ன்னு கேட்டாங்க நதியாக்கா, ஆனா படகு அதுக்குள்ள தாண்டிருச்சு.

நாப்பத்தோராவது நாள் வந்துச்சு, ஊரே பாலத்துல கூடுச்சு, மேளம் வெச்சாங்க. படகு நிக்கல. பூசாரி சிரிச்சாரு.

நாப்பத்தி மூணாவது நாள் கவுன்சிலர் அம்மா மோட்டார் படகுல என் பக்கத்துல வந்தாங்க, கையில பிளாஸ்க்.

"டீ குடி குட்டி. பாவம், கண்ணு எப்படி உள்ள போயிருச்சு."

"குடுங்கம்மா."

"பரீட்ச ஆரம்பிக்குது. அக்கரைப் பசங்க நூத்தி இருபது பேரு. அரசாங்கப் படகு எப்ப வரும்னு உனக்கே தெரியும். ஒரு ரெண்டு வாரம், அவங்கள சோர்ந்து போகாம பாத்துக்க. நீ சொன்னா இழுக்கறாங்கல்ல?"

தேவக்கா என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க. மோட்டார் சத்தத்துல அவங்களுக்குக் கேட்டிருக்காது. நான் டீய ஒரு மொடக்கு குடிச்சேன், ஏலக்கா போட்ட டீ, நாக்குல பட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு, அவ்ளோ அசதி, யோசிக்கறதுக்குக் கூட ஒரு ஆள் வெக்கணும் போல இருந்துச்சு. "சரிம்மா"ன்னேன். அவங்க போனதும் தேவக்கா, "என்னவாம்?"னு கேட்டாங்க. "ஒண்ணுமில்லக்கா. பத்து"ன்னேன்.

நாப்பத்தி நாலாவது நாள் காலையில பாலம் வந்துச்சு. அஞ்சலை வழக்கம் போல படுக்கல, நின்னுட்டு இருந்தாங்க, இடுப்புல இன்பா. குனிஞ்சு, "இங்க பாரு, யாரு வரா, அம்மாடி, அம்மா"ன்னு சொல்லி கொழந்தைய கீழ எறக்கிக் காட்டினாங்க. நதியாக்கா தலைய குனியாம நிமுந்து பாத்தாங்க. இன்பா அந்த மூஞ்சிய ஒரு நிமிஷம் பாத்துச்சு, வெயில்ல கருத்து, ஒதடு வெடிச்சு, முடியெல்லாம் உப்பு பூத்த அந்த மூஞ்சிய பாத்துட்டு வீல்னு கத்தி அஞ்சலை தோள்ல மூஞ்சியப் பொதச்சுக்கிச்சு. "அம்மா, அம்மா"ன்னு அழுதுச்சு. அஞ்சலையைத்தான் கூப்பிட்டுச்சு.

அஞ்சலைக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. "சோறு, சோறு குடுக்க மறந்துட்டேனே"ன்னு பாலத்துல படகு கூடவே ஓடினாங்க, பாலம் முடிஞ்சுருச்சு.

அப்புறம் நதியாக்கா, தேவக்கா தோளுக்கு மேல எட்டி என் கண்ணப் பாத்து, கோவமே இல்லாம கேட்டாங்க.

"குட்டி. இன்னும் எவ்ளோ?"

பத்துன்னு சொல்ல வாயத் தொறந்தேன். நாக்குல அது ரெடியா இருந்துச்சு.

"தெரியலக்கா."

"என்னது?"

"எனக்குத் தெரியல. எவ்ளோ இருக்குன்னு எனக்குத் தெரியல."

"நேத்து தெரிஞ்சுதே"ன்னா ஜெசிந்தா.

"நேத்தும் தெரியாது. அன்னிக்கே தெரியாது. நண்டு வலை மிதவைய கோடுன்னு நெனச்சுட்டேன். பின்னாடி இருக்கறதெல்லாம் நான்தான் மாட்ட விட்டேன். கவுன்சிலரம்மா ரெண்டு வாரம் கேட்டாங்க, சரின்னுட்டேன். எனக்குத் தெரியாதுக்கா!"

பூமாக்கா என்னையப் பெத்தவள்ல ஆரம்பிச்சு ஒரு கெட்ட வார்த்த சொன்னாங்க, அத இங்க எழுத முடியாது. அப்புறம் யாரும் செய்யாத ஒண்ண செஞ்சாங்க. துடுப்பு போடுறவங்க எப்பவும் திரும்பிப் பாக்கக் கூடாது, பாத்தா படகு சாயும், அது அவங்க எலும்புலயே ஊறினது. பூமாக்கா திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் ஜெசிந்தா. அப்புறம் நதியாக்கா, தேவக்கா. நாலு பேரும் கழுத்த முறுக்கி, இத்தன நாளா முதுகுக்குப் பின்னாடி இருந்தத பாத்தாங்க.

"கோடு எங்கடி?"ன்னாங்க தேவக்கா.

"இல்லக்கா. கோட்டுக்கு நட்ட கம்பம் ரெண்டையும் மறுநாளே புடுங்கிட்டாங்க. யாரு வீட்டுப் பந்தலுக்கோ."

வெறும் தண்ணி. ஒரு கொக்கு. தூரத்துல மணல் திட்டு.

"அட நாய்ங்களா"ன்னாங்க தேவக்கா மெதுவா. அவங்க துடுப்பு தண்ணிய விட்டு மேல வந்துச்சு, அப்படியே நின்னுச்சு. அடுத்தது நின்னுச்சு. நாலும் நின்னுச்சு. நான் ஈஸின்னு சொல்லவே இல்ல.

பின்னாடி வந்த பன்னெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு டொம் டொம்னு மோதுச்சு, ஆடு கத்துச்சு, பீரோ சரிஞ்சுச்சு, ஸ்கூல் பையன் ஒருத்தன் "ஏக்கா, பரீட்சக்கா!"ன்னான். மூணு பேரும் உக்காந்த எடத்துலயே துடுப்பு மேல சாஞ்சுட்டாங்க. நதியாக்கா மட்டும் இடுப்பளவு தண்ணியில எறங்கினாங்க, கால் நடக்கறத மறந்துருச்சு, விழுந்தாங்க, எழுந்தாங்க, விழுந்தாங்க, சேத்துல தவழ்ந்துதான் கரை ஏறினாங்க. அஞ்சலை ஓடி வந்து கொழந்தைய எறக்கி விட்டாங்க. இன்பா கிட்ட வரல. தூர நின்னு பாத்துச்சு.

"கூப்பிடு புள்ள"ன்னாங்க அஞ்சலை. "பேரச் சொல்லிக் கூப்பிடு, வந்துரும்."

"வேணாம் அத்த"ன்னாங்க நதியாக்கா. அத்தன்னு சொன்னது அதான் மொத தடவ. "வர அப்ப வரட்டும்." கைய மடியில போட்டுக்கிட்டு சேத்துலயே உக்காந்தாங்க, அந்தக் கை ரெண்டும் இப்ப இழுக்கல. கண்ணு சொருகுது, தலை தொங்குது, டக்குன்னு முழிச்சு கொழந்த நிக்கற எடத்தப் பாக்கறாங்க, மறுபடியும் சொருகுது. இன்பா அங்கயேதான் நின்னுச்சு. வெயில் ஏறுச்சு. அஞ்சலை தன் முந்தானைய விரிச்சு ரெண்டு பேருக்கும் நடுவுல நிழல் புடிச்சுக்கிட்டு, எந்தப் பக்கம் நகுறறதுன்னு தெரியாம நின்னாங்க.

சாயந்தரம் வரைக்கும் பாலத்துல நிறைய பேரு வந்து கேட்டாங்க, நாளைக்குப் படகு உண்டா, எத்தன மணிக்கு, பிள்ளைங்கள எப்படி அனுப்பறது, மஞ்சத் துணிய அவுக்கணுமா கூடாதா. நான் படகுக்குள்ளயே மணல் மூட்டை மேல தலைய வெச்சுப் படுத்துட்டு எல்லாருக்கும் தெரியலன்னு சொன்னேன். ஒரு அக்கா கிட்ட வந்து, "இன்பா போச்சா அம்மாகிட்ட?"ன்னு கேட்டாங்க. கரை இருட்டிக்கிட்டு வந்துச்சு, அங்க இருந்த அஞ்சலை, நதியாக்கா, இன்பா மூணு பேரும் உருவமாத்தான் தெரிஞ்சாங்க, சின்னது பெருசு பக்கம் இருக்கா தள்ளி இருக்கான்னு என் எடத்துல இருந்து சரியாத் தெரியல, அதையும் தெரியலன்னுதான் சொன்னேன்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு, உங்க வாய நம்பி யாராவது இழுத்துட்டு இருந்து, நீங்க "இதோ, இன்னும் கொஞ்சம்தான்"னு சொல்லிட்டே இருந்திருக்கீங்களா? எத்தனாவது நாள்ல நிறுத்தினீங்க? இல்ல, இன்னும் சொல்லிட்டுதான் இருக்கீங்களா?